முள்ளை நம்பிய ஞாயிற்றுக்கிழமை

கடைக்காரம்மா இரண்டு மீட்டர்களையும் கண்ணாடி மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று முள் வைத்தது. இளமஞ்சள் முகம், அதில் வளைந்த ஒரு கோடு, கோட்டின் வலது ஓரம் மட்டும் சிவப்பு. இன்னொன்றில் முள் கிடையாது. பன்னிரண்டு சின்ன விளக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. கீழே பச்சை, அதற்கு மேல் மஞ்சள், உச்சியில் சிவப்பு. சத்தம் ஏற ஏற விளக்குகள் கீழிருந்து எரிந்துகொண்டே போகும். கடையில் அதை பார் மீட்டர் என்பார்கள்.

சென்னை ரிச்சி தெருவின் உள்சந்து ஒன்றில் இருந்தது அந்தக் கடை. பழைய சவுண்ட் மிக்சர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் அந்த அம்மாவே பிரித்துப் போட்டு சாலிடர் வைத்துச் சரிசெய்து கொடுப்பார். திருவள்ளூரில் என் வீட்டு மாடியறையில் நான் சின்னதாக ஒலிப்பதிவு செய்துவந்தேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிப் போகும் விளம்பரம், கோயில் திருவிழா அறிவிப்பு, சர்ச் பாட்டுக் குழு, இரங்கல் செய்தி. என் மிக்சரில் இருந்த மீட்டர் செத்துப்போய்விட்டது. அதற்குப் பதிலாகத் தனியாக ஒன்று வாங்கத்தான் போயிருந்தேன்.

"ரெண்டும் பண்றது ஒரே வேலதான் சார். காட்டுற விதம்தான் வேற," என்றார் அந்த அம்மா. "முள்ளு மெதுவா நகரும். மொத்தத்துல சத்தம் எவ்ளோ கீதுன்னு காட்டும், நம்ம காதுக்குக் கேக்குற மாதிரி. பார் மீட்டரு அப்படி இல்ல. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஒரு சத்தம் எகிறி எறங்குனாலும் செவப்பு காட்டிடும்."

"எது எடுத்தா நல்லது?"

"ஹெட்போன்ல கேட்டுக்கினேதான ரெக்கார்ட் பண்றீங்க? காது நல்லா இருந்தா முள்ளு போதும். கண்ணுக்கும் எதமா இருக்கும். எங்கயாவது சத்தம் ஒடஞ்சா காதே சொல்லிடும்."

"காதெல்லாம் நல்லாத்தான் கீது," என்றேன்.

பழைய பழக்கம் என்பதால் அந்த அம்மா இரண்டையும் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றார். இரண்டையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு சென்ட்ரலில் ரயில் ஏறினேன்.

என் காது நன்றாக இல்லை. அது எனக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிப் பாகங்களாக வெட்டும் பிரஸ் ஷாப்பில் பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் தரை அதிரும். காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சடைப்பான் கொடுத்தார்கள். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அடைத்துக்கொண்டால் பக்கத்து மெஷின்காரர் கத்துவது கேட்காது, கேட்காமல் போனால் யாருடைய கை பிரஸ்ஸுக்கு அடியில் இருக்கிறது என்று தெரியாது. அந்த நேரத்துக்கு அது சரியான காரணமாகத்தான் இருந்தது.

முதலில் சன்னமான ஒலிகள் போயின. பேச்சில் 'ச'வும் 'ஸ'வும் தேய்ந்தன. எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்து மீதியை நிரப்பிக்கொள்ளப் பழகினேன். போனில்தான் கஷ்டம். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியில் காது சோதனை நடக்கும். ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, 'கீ' என்று சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். பெட்டியில் கண்ணாடி ஜன்னல் இருந்தது. நர்ஸின் விரல் அசைவதைப் பார்த்து அழுத்தினேன். ஆறு வருடம் அப்படியே தேறினேன். காது போனது தெரிந்தால் பிரஸ் ஷாப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், காது கேட்காதவனிடம் யார் ரெக்கார்டிங்குக்கு வருவார்கள் என்பது. அந்த மாடியறை ஒன்றுதான் நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை.

மீட்டர்களோடு வீடு வந்த மறுநாள் சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது தங்கச்சி வந்தாள். அவளைக் கும்மிடிப்பூண்டியிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். அதே தொழிற்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், ஆந்திரப் பக்கம் போனால் திரும்ப வாரக் கணக்காகும். ஒரே மகள் பாப்பா, ஏழாவது படித்தாள்.

பொங்கலுக்கு முன்பிருந்தே தங்கச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர், மிளகு, கஷாயம் எல்லாம் பார்த்தாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் நின்று பாடுகிறவள், கடைசி வரிசைக்குப் போய் உதட்டை மட்டும் அசைத்தாள். ஆறு மாதம் கழித்துத்தான் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்தச் சாயங்காலம் சோதனை முடிவோடு வந்திருந்தாள்.

"ண்ணா, தொண்டைக்குள்ள கேன்சராம். கொரல்வளைய மொத்தமா எடுத்துடணும்னு சொல்றாங்க."

உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு சொல்லும் தப்பவில்லை. ஆனாலும் "இன்னா?" என்றேன்.

அவள் இன்னும் உரக்கச் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லியாம். பேச்சுதான் வராது. கழுத்துல ஓட்ட போட்டு அது வழியா மூச்சு வுடணுமாம்." கையிலிருந்த சோதனைக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "அதுக்கு முன்னாடி உன் ரூமுல வந்து கொஞ்சம் பேசணும்ணா. பாப்பாவுக்கு."

"ரெண்டு பாட்டும் பாடிடும்மா. முடிஞ்ச வரைக்கும்."

"பாட்டு எதுக்கு? பாட்டு யாரு வேணா பாடுவாங்க. தெனம் நான் அவகிட்ட பேசுறது இன்னா, அது வேணும் அவளுக்கு. எழுப்புறது, திட்டுறது, சாப்ட்டியான்னு கேக்குறது. பெருசா ஒண்ணும் இல்ல."

பஸ் வந்தது. பெரியபாளையம் தாண்டும்வரை எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்று நினைத்திருந்தோம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமையே வந்து சேரச் சொன்னார்கள். அதனால் அந்த ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். இரண்டு மீட்டரும் பையிலேயே கிடந்தன. எதை வைப்பது என்று யோசிக்கக் கடைக்காரம்மா எனக்கு ஒரு வாரம் கொடுத்திருந்தார், கிடைத்தது சனிக்கிழமை ராத்திரி மட்டும். இரண்டுக்கும் ஒயர் இழுத்து மிக்சரின் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத் தங்கச்சி வந்தாள். மகளை அழைத்து வரவில்லை. அவள் முன்னால் பேச வராது என்றாள். கையில் நாலாக மடித்த காகிதம். சொல்லவேண்டியதை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். மாடியறைச் சுவரில் நான் அடித்திருந்த பழைய மெத்தைகளையும் சாக்குகளையும் பார்த்து, "ஊட்ல எலி சேரும்ணா," என்றாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

மைக் முன்னால் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். "ஏதாவது பேசும்மா, லெவல் பாக்கணும்," என்றேன். அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எனக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி இருந்தது. ஹெட்போன் சத்தத்தை ஏற்கெனவே கடைசிவரை திருகியிருந்தேன். மைக்கின் குமிழைத் திருகிக் கூட்டினேன். அவள் குரல் எனக்குத் துலங்கத் தொடங்கிய இடத்தில் நிறுத்தினேன்.

அந்த இடத்தில் இரண்டு மீட்டரும் இரண்டு விதமாகப் பேசின. முள் கோட்டின் நடுவில் நிதானமாக ஆடியது, சிவப்புப் பக்கம் எப்போதாவதுதான் எட்டிப் பார்த்தது. பார் மீட்டரிலோ ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்திலும் உச்சியின் இரண்டு விளக்கும் எரிந்தன. சட்டென்று ஏறும், மேல் விளக்கு மட்டும் ஒரு கணம் நின்று அணையும், மறுபடி ஏறும்.

கம்ப்யூட்டரில் பதிவாகும் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதைத் தொட்டால் ஒலியின் தலை சமமாக வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான், பிறகு சேர்க்க முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. பார் மீட்டர் சொன்னபடி கேட்டிருந்தால் குமிழைக் குறைத்திருக்கவேண்டும். குறைத்தும் பார்த்தேன். விளக்கு மஞ்சளோடு நின்றது. ஆனால் ஹெட்போனில் தங்கச்சி காணாமல் போனாள். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மறுபடி கூட்டினேன்.

"அது இன்னாண்ணா செவப்பு செவப்பா அடிக்குது?" என்றாள் அவள். "ஐசியூல வெச்சிருக்குற மெஷின் மாதிரி கீது. அத்த அமத்திடு. அதப் பாத்தா எனக்குப் பேச்சு வரல."

ஒயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அணைந்தன. அவளுக்காகத்தான் பிடுங்கினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிடுங்கியதும் எனக்கும் நெஞ்சு லேசானது. முள் அழகாக ஆடிக்கொண்டிருந்தது. காது விட்ட இடத்தை அந்த முள் நிரப்பிவிடும் என்று நினைத்தேன்.

அவள் தொடங்கினாள்.

"ஏய் பாப்பா... எழுந்திருடீ. மணி ஆறாச்சு பாரு. வேன் வந்துடும்."

"டிபன் பாக்ஸு எடுத்துக்கினியா? கொடை? அதையும்தான் சொல்லணுமா உனக்கு?"

"இடி இடிச்சா இன்னா, நான்தான் பக்கத்துல கீறேன்ல. கண்ண மூடு."

இந்தக் கடைசி வரியை முதலில் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். முள் கோட்டின் இடது ஓரத்தைவிட்டு அசையவே இல்லை. எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சத்தமாம்மா," என்றேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். பிறகு அதையே உரக்கச் சொன்னாள். படுக்கும்போது சொல்லும் ஜெபத்தையும் மெதுவாக முணுமுணுத்தாள். அதையும் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். மெதுவாகச் சொன்னதையெல்லாம் லெவல் வரவில்லை என்று அங்கேயே அழித்தேன்.

நடுவில் ஒருமுறை பாதி வாக்கியத்தில் நிறுத்திக் கையைத் தூக்கினாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, உதட்டை நன்றாக விரித்து, "ர-யி-லு" என்றாள். மூன்று தெரு தள்ளித்தான் தண்டவாளம். ஹாரன் அடித்திருக்கவேண்டும். கேட்டதுபோலத் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலடியில் தரை நடுங்கியது.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அவள் தண்ணீர் குடித்துவிட்டு, "போதும்ணா," என்றாள். சாயங்காலம் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுக் கேட்டேன். குரலில் ஒரு கரகரப்பு இருந்தமாதிரி தோன்றியது. தொண்டை அப்படித்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம், ஆபரேஷன் முடிந்து அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ரிச்சி தெருவுக்குப் போய் பார் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தேன். "முள்ளுதான் சரிப்பட்டுதா?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆமாம் என்றேன்.

தங்கச்சி மூன்று வாரம் கழித்து வீடு வந்தாள். கழுத்தின் அடியில் ஓட்டை, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணித்துண்டு. பேச வாயைத் திறப்பாள், காற்று கழுத்து வழியே போய்விடும். அப்புறம் நோட்டை எடுப்பாள். பதிவைப் பாப்பாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்தேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து அங்கே போனபோது, தங்கச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'பாப்பா ஒருவாட்டிதான் கேட்டா. அப்புறம் போடவே மாட்டேங்கறா. ஏன்னு கேளு.'

மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு வெளியே போனேன். பாப்பா வாசலில் குழாயடியில் குடம் வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"அம்மா பேசுனதக் கேக்கலியாமே நீ?"

அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது நல்லா இல்ல மாமா. அம்மா சத்தமாக் கூப்புடுற எடமெல்லாம் ஒடஞ்சி கீது. ரேடியோ சரியா எடுக்கலன்னா கிர்ருகிர்ருன்னு வரும்ல, அந்த மாதிரி."

"அது அம்மாவுக்குத் தொண்ட சரியில்லாததுனாலம்மா."

"இல்ல. தொண்ட கட்டுனது எனக்குத் தெரியாதா? ஆறு மாசம் அதத்தான கேட்டுக்கினு இருந்தேன். இது வேற." குடம் நிறைந்து வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை. "அது மட்டும் இல்ல. அம்மா எங்கிட்ட இப்படிப் பேசாது மாமா. இது உங்கிட்ட பேசுற மாதிரி கீது."

"எங்கிட்டன்னா?"

"உனக்குத்தான் காது கேக்காதே. உங்கிட்ட பேசும்போது அம்மா கத்தித்தான பேசும். உன் போன் வந்தா நான் புக்க எடுத்துக்கினு பின்னாடி போயிடுவேன். எங்கிட்ட அம்மா மெதுவாதான் பேசும். எழுப்பும்போதுகூட பக்கத்துல வந்து காதுலதான் சொல்லும்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். குழாயை மூடி, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் அங்கேயே நின்றேன். என் காது போனது யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். அந்த வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து, பதிவைக் கம்ப்யூட்டரில் விரித்துப் பார்த்தேன். காதால் கேட்பதை விட்டு முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். ஒலி திரையில் மேடும் பள்ளமுமாக ஓடும். தங்கச்சி கூப்பிட்ட இடங்களிலெல்லாம் மேடுகளின் தலை இல்லை. மேலேயும் கீழேயும் அளவுகோல் வைத்து அறுத்ததுபோல் இருந்தது. பார் மீட்டர் சிவப்புச் சிவப்பாக அடித்தது இதைத்தான்.

அடுத்த ஞாயிறு தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிரஸ் ஷாப், நர்ஸின் விரல், கடைக்காரம்மாவிடம் சொன்ன பொய், ஹெட்போனில் அவள் காணாமல் போனது, ஒயரைப் பிடுங்கியது. அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். பாப்பா டியூஷன் போயிருந்தாள். சொல்லி முடித்ததும் நோட்டை இழுத்து எழுதினாள்.

'தெரியும். அஞ்சாறு வருஷமாத் தெரியும். நீ வெக்கப்படுவன்னு சொல்லல.'

பிறகு அதன் கீழே எழுதினாள்: 'மெதுவாப் பேசுனது எதுனா கீதா?'

"அழிச்சிட்டேன்," என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். கழுத்துத் துணி ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தது. அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் அழுதால் சத்தம் வரும். எழுந்துபோய் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். அதைத் தவிர அந்த வீட்டில் நான் செய்ய அன்று ஒன்றும் இருக்கவில்லை.

பதிவைச் சரிசெய்ய முடியுமா என்று ரிச்சி தெருவுக்குப் போனேன். இந்தமுறை உண்மையைச் சொன்னேன். கடைக்காரம்மா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானே பாரு மீட்டரத்தான சார் குடுத்திருப்பேன்," என்றார். பிறகு குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, "இப்ப கேக்குதா உங்களுக்கு?" என்றார். தலையாட்டினேன்.

அவருக்குத் தெரிந்த ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் போட்டுச் சரிசெய்வார் என்று அனுப்பினார். அந்த ஆள் நேர்மையானவர். "அறுபட்ட எடத்துல இன்னா இருந்துச்சுன்னு இதுக்குத் தெரியாது. அக்கம்பக்கம் பாத்து ஊகிச்சு நெரப்பும்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கிர்ர் சத்தம் குறைந்தது. பாப்பாவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டு வரி கேட்டாள். "இது யாரோ பேசுற மாதிரி கீது மாமா. முன்ன இருந்ததே பரவால்ல," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் என்மேல் பரிதாபம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருடக் காது சோதனையில் நர்ஸுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சோதனை முடிந்ததும் அவர் காகிதத்தை இரண்டுமுறை பார்த்தார். பழைய வருடங்களின் காகிதத்தையும் எடுத்துப் பார்த்தார். பத்து நாளில் என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இரும்புப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு மேசை. அங்கே சத்தமே இல்லை. சத்தம் இல்லாத இடத்தில் உட்கார்ந்தபிறகுதான் என் காதுக்குள் எப்போதும் ஒரு இரைச்சல் ஓடுவது தெரிந்தது.

காது மெஷின் வாங்கி மாட்டிக்கொண்டேன். மாட்டிய அன்றே மாடியறைக்குப் போய்த் தங்கச்சியின் பதிவைப் போட்டேன். "ஏய் பாப்பா" என்பதில் 'ஏய்' வந்தவுடனே கேட்டுவிட்டது. கண்ணாடித் துண்டை சிமெண்டில் தேய்ப்பதுபோல். பாப்பா சொன்ன கிர்ர் அது. அவள் பன்னிரண்டு வயதில் ஒருமுறை கேட்டுவிட்டு மூடிவைத்ததை நான் அன்றைக்குக் கடைசிவரை கேட்டேன்.

ரெக்கார்டிங்கை விட்டுவிடவில்லை. விட்டால் பிராயச்சித்தம்போல இருக்கும், ஆனால் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. பார் மீட்டரையே போய் வாங்கி வந்தேன். இப்போது யார் வந்தாலும் முதலில் சொல்லிவிடுகிறேன்: "எனக்குக் காது கொறச்சல். லைட்டப் பாத்துத்தான் பண்ணுவேன். முடிச்சதும் நீங்களே ஒருவாட்டி கேட்டுக்கினு போங்க." சிலர் அப்படியே திரும்பிப் போய்விடுகிறார்கள். முள் மீட்டர் கெட்டது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. நல்ல காது உள்ளவனுக்கு அது நல்ல மீட்டர்தான்.

தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் அளவு இருக்கும். தொண்டையில் அழுத்திவைத்து உதட்டை அசைத்தால் அது பேச்சாக வரும். ஏற்ற இறக்கம் இல்லாத, வண்டு ரீங்கரிக்கிறமாதிரி ஒரே சுருதியில் ஒரு குரல். அதில் அவள் என்னிடம் முதலில் கேட்டது, "சாப்ட்டியாண்ணா?" கனத்த ஒலி என்பதால் காது மெஷின் இல்லாமலே எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடந்த சில வருடங்களில் அவள் பேசி, உதட்டைப் பார்க்காமலே நான் ஒரே தடவையில் புரிந்துகொண்டது அதுவாகத்தான் இருக்கும். சந்தோஷப்படத் தோன்றியது, உடனே கேவலமாகவும் இருந்தது. பாப்பா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மகளுக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை என்று தெரிந்தபிறகு தங்கச்சி அவளிடம் கருவியை எடுப்பதில்லை. வீட்டுக்காரர் வந்தால், நான் வந்தால் மட்டும் எடுக்கிறாள். பேக்கிங் வேலைக்கும் திரும்பப் போகிறாள். அங்கே மெஷின் சத்தத்தில் எல்லாரும் கையைக் காட்டித்தான் பேசுகிறார்களாம், வித்தியாசம் தெரியவில்லை என்று எழுதிக் காட்டினாள்.

போன ஞாயிறு போயிருந்தேன். அம்மாவும் மகளும் கட்டிலில் ஒரு நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுதுவாள், இன்னொருத்தி படித்துவிட்டுப் பேனாவைப் பிடுங்கி அதன் கீழே எழுதுவாள். பேச முடிகிற பாப்பாவும் எழுதித்தான் பதில் சொன்னாள். என்ன எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் நாற்காலியை எடுத்துப்போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.